பத்தொன்பதரை அங்குலம்

நடைவழிச் சுவரில் அழுக்குக் கோடு இரண்டாக இருந்தது.

ஒரு கோடு எப்போதும் உண்டு. வாசற்கதவிலிருந்து பின்பக்கச் சமையலறை வரை நீளும் அந்தக் குறுகலான நடைவழியில் அவர்களுடைய நாய் மேபல் நாளெல்லாம் சுவரில் தோளை உரசியபடி போய்வரும். அதன் உடம்புப் பிசுக்கு வெளிர்நீலச் சுவர்த்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, ஆறிய தேநீரின் நிறத்தில் நேர்கோடாக நிற்கும். சனிக்கிழமைகளில் ஜனீன் வெந்நீரும் சோப்பும் கொண்டு அதைத் துடைப்பாள். நவம்பர் கடைசி. நான்கு மணிக்கே இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கதவில் கடிதம் போடும் துளை வழியாகத் துறைமுகத்துக் காற்று மீன்பெட்டிகளின் வாடையோடு நுழைந்து அவளுடைய ஈரக் கைகளை விறைக்க வைத்தது. குந்தி உட்கார்ந்து, பழக்கத்தில் சுவரைப் பார்க்காமலே தேய்த்துக்கொண்டு வந்தாள். பாதி தூரம் வந்த பிறகுதான் தேய்த்த இடத்துக்கு மேலேயும் அழுக்கு இருப்பதைக் கண்டாள். பழைய கோட்டுக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டு இன்னொரு கோடு. புதியது. விரல் வைத்தால் பிசுபிசுத்தது.

நான்கு வயது நாய் வளராது. அது அவளுக்குத் தெரியும்.

முன்னறையில் ரஸ் பேசிக்கொண்டிருந்தான். மூடிய கதவுக்குப் பின்னால் சொற்கள் பிரியவில்லை. தாழ்ந்த, அவசரமில்லாத, நடுவில் சிரிப்பு கலந்த ஒரு குரல் மட்டும் சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய் போலக் கதகதப்பாகக் கேட்டது. ஜனீன் சுவர் தேய்க்கும் பஞ்சைப் பிழியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்று தினமும் நினைப்பாள். தினமும் கேட்பாள்.

ரஸ் அவளுடைய கணவன். குளிர்பதனக் கிடங்கு மூடப்பட்டு வேலை போன பிறகு ஒரு வருடம் முழுக்க அவன் அவளிடம் பேசியது ‘ஆமா’, ‘இல்ல’, ‘அங்க வச்சிடு’, அவ்வளவுதான். பிறகு ஊரை விட்டுப் போன நண்பன் ஒருவன் ஒரு குட்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனான். மூன்றாவது வாரம் பள்ளிச் சமையலறை வேலை முடிந்து வீடு திரும்பிய ஜனீன், கோட்டைக்கூடக் கழற்றாமல் இதே நடைவழியில் நின்று, ஒரு வருடமாக அவள் காத்திருந்த சிரிப்பை முன்னறையிலிருந்து கேட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கதவைத் திறந்தாள். சிரிப்பு நின்றது. மின்மானி பார்க்க வந்தவரைப் பார்ப்பது போல மரியாதையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

அன்றிலிருந்து அப்படித்தான். அந்தக் குரல் ஒரே ஒருமுறை தன்னை நோக்கி வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது மட்டும்தான்.

கதவைத் தட்டாமல் திறந்தாள். பேச்சு நின்றது.

“ரஸ், இது வளந்திருக்கா?”

மேபல் அவன் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. சாம்பல் நிற உடம்பு, பானை அளவுக்குத் தலை, நெற்றியில் வெள்ளைக் கீற்று. ஜனீனைப் பார்த்ததும் வாலை ஒரு தடவை தரையில் அடித்தது.

“குளிர்காலம். மயிர் அடர்த்தியாகும்” என்றான் ரஸ், தலை நிமிராமல். “நீதானே அளந்த? அப்ப என்ன இருந்துச்சு?”

ஜனீன் கையிலிருந்த ஈரப் பஞ்சைப் பார்த்தாள்.

“பத்தொன்பதரை.”

“அதேதான் இருக்கும், போ.”

அந்த அளவு போன டிசம்பரில் எடுத்தது. ஆட்களைக் கடித்துக் கொல்வதாகச் சொல்லி, எக்ஸ்எல் புல்லி என்ற வகை நாய்களுக்கு அரசு தடை போட்ட சமயம். தங்கள் நாய் அந்த வகையா என்பதை முதலில் வளர்ப்பவர்களேதான் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும். தாய் யார் தகப்பன் யார் என்பதெல்லாம் பேச்சில்லை. தலை எப்படி, மார்பு எப்படி, எல்லாவற்றுக்கும் முன்னால் உயரம் எவ்வளவு. பெட்டை என்றால் தோள்மேட்டில் பத்தொன்பது அங்குலம். குறைந்தால் அது வெறும் நாய். எட்டிவிட்டால் வெளியே போகும்போதெல்லாம் வாய்ப்பூட்டு, கயிறு, கருத்தடை அறுவை, காப்பீடு. அதெல்லாம் முடியாதென்றால் கால்நடை மருத்துவரிடம் உயிரை முடிக்கும் ஓர் ஊசி. அந்த மாதம் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் அளவுநாடாக்கள் வெளியே வந்தன. சிலர் ஊசியைத் தேர்ந்தெடுத்தார்கள். காலியான கழுத்துப்பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து வெளியே வருபவர்களை ஜனீன் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

அன்று சமையலறைத் தரையில் ரஸ் மண்டியிட்டு மேபலின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, பாலாடைக்கட்டியைத் துணுக்குத் துணுக்காக ஊட்டினான். ஜனீன் அதன் தோள்மேட்டில் ரசமட்டத்தைக் கிடத்தினாள். குமிழி ஆடி ஆடி நடுவுக்கு வந்து நின்றது. அங்கிருந்து தரை வரை நாடாவை இறக்கிக் குனிந்து பார்த்தாள்.

பதினெட்டரை.

“என்ன வருது?”

நிமிர்ந்தாள். ரஸ்ஸின் உதடு நாயின் நெற்றியில் பதிந்திருந்தது. கண்களை மூடியிருந்தான். தேவாலயத்தில் அவளை மணந்த அன்றுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை.

“பத்தொன்பதரை” என்றாள்.

“சரியா பாரு ஜன்.”

“ரெண்டு தடவை பாத்துட்டேன்.”

அவன் புத்தியோடு நடந்துகொள்வான், ஒருநாள் அவனும் காலிப் பட்டையோடு திரும்பி வருவான், அழுவான், அழுவதற்கு அவள் தோள் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அவன் அப்படிச் செய்யவில்லை. சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தான். கம்பிக்கூடை போன்ற கறுப்பு வாய்ப்பூட்டு ஒன்றை வாங்கி, உட்பக்கம் மென்மையான பாலாடைக்கட்டியைத் தடவி, வாரக்கணக்கில் உட்கார்ந்து அதற்குப் பழக்கினான். தெருவில் அம்மாக்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் காறித் துப்பினான். ரஸ் வீட்டுக்கு வந்து, நாயோடு முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அறுவை முடிந்த இரவில் அதன் பக்கத்தில் படுக்கப் போனவன் மறுபடி மாடிக்கு ஏறி வரவில்லை. “இனிமே இவளுக்கு என்னை விட்டா யாரு?” என்றான். ஜனீன் சொன்ன பொய் அவனுக்கும் நாய்க்கும் முடிச்சுப் போட்டுவிட்டது.

திங்கட்கிழமை ரஸ் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனான். நாயைக் கூட்டிக்கொண்டு போக முடியாத ஓரிடம் அதுதான். ஜனீன் அலமாரியிலிருந்து ரசமட்டத்தை எடுத்தாள்.

மேபலைக் கூப்பிடவில்லை. அதுவாகவே வந்தது. நகங்கள் தரையில் டக் டக்கென்று ஒலிக்க, வழக்கமாகத் தின்பதற்குக் கேட்டு நெளிகிற நாய், சமையலறையின் நடுவில் நான்கு கால்களையும் சரியாக ஊன்றி, முதுகை நேராக்கி, அளவெடுக்க நிற்பவர்கள் நிற்பது போல நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் அந்த நேரம் பார்த்து நின்றுபோனது. ரசமட்டத்தின் குமிழி இந்தத் தடவை ஆடவில்லை.

பத்தொன்பதரை. ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை.

முதலில் வந்தது நிம்மதி. ஆக, அவள் பொய் சொல்லவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது. பிறகு நாயின் முகத்தைப் பார்த்தாள். அது இமைக்காமல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்களை அல்ல. வாயை. அடுத்து என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்பது போல.

இரண்டு நாள் கழித்துப் பின்முற்றத்தில் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு பொலீன் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். அறுபது வயதுக்காரி. கையிடுக்கில் அவளுடைய ஆர்ச்சி, வெள்ளைப் பஞ்சுருண்டை போன்ற நாய், பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

“உன் சக்களத்தி எப்படிம்மா இருக்கா?”

“நல்லா தின்னுட்டு நல்லா இருக்கு.”

“சும்மா சொல்லக் கூடாது, சாது. இவன் இருக்கானே, தபால்காரரைக் கடிச்சான், எரிவாயு ஆளைக் கடிச்சான், பாதிரியார் கணுக்காலைக்கூட விடல. எவனாவது இவனை டேப் வச்சு அளந்தானா? அழகா இருக்கான்ல, தப்பிச்சுட்டான்.” பொலீன் சிரித்தாள். பிறகு ஜனீனின் தோளுக்கு மேலே பார்த்தாள். “அங்க பாரேன்.”

சமையலறை ஜன்னல் மஞ்சளாக எரிந்தது. அதற்குள் ரஸ் நாற்காலியில் முன்னால் குனிந்திருந்தான். மேபல் மேசை விளிம்பில் முகவாயை வைத்திருந்தது. இரண்டு மூக்குகளுக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இல்லை. அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

“என் புருஷன் குடிக்குப் போனான், உன் புருஷன் நாய்க்குப் போனான்” என்றாள் பொலீன். “ஆனா குடிச்சிட்டுக்கூட அவன் என்னை ஒருநாளும் இப்படிப் பாத்ததில்ல.”

ஜனீனுக்குக் காது சுட்டது.

“நேத்து என்னைப் பாத்து உறுமிச்சு” என்றாள்.

மேபல் யாரையும் பார்த்து உறுமியதில்லை. மருத்துவர் ஊசி குத்தியபோதும், பையன்கள் கல்லெறிந்தபோதும். எச்சிலைத் துப்புவது போல அந்தப் பொய் தானாக வெளியே வந்து விழுந்தது.

“ஐயையோ” என்றாள் பொலீன். சுவாரசியமாக.

மறுநாள் வேலையிலிருந்து வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்த ரஸ்ஸின் தோளில் கை வைத்தாள். பள்ளியில் கிண்டிய குழம்பின் கொழுப்பு வாசனை இன்னும் கையில் இருந்தது. அந்த வாசனைக்காகவே மேபல் அவள் விரல்களை நக்க ஓடிவரும். இன்று வரவில்லை. எங்கிருந்தோ ஒரு சத்தம் தொடங்கியது. தெருவில் கனரக வண்டி போகிறது என்று முதலில் நினைத்தாள், கோப்பையில் தேநீர் அதிர்ந்ததால். வண்டி கடந்து போகவில்லை. சத்தம் தரைப்பலகைகளுக்கு அடியிலிருந்து ஏறி அவள் முழங்காலுக்குள் நுழைந்தது. மேசைக்குக் கீழே இருட்டில் இரண்டு கண்கள். அவள் கையை எடுத்தாள். சத்தம் நின்றது.

“நீ பயப்படுற” என்றான் ரஸ், குனிந்து நாயின் காதைத் தடவியபடி. “உன் பயம் அவளுக்கு வாசனையாத் தெரியும். அவ மேல தப்பில்ல.”

அன்றைக்குத்தான் ஜனீனுக்குப் புரிந்தது. புரிந்ததை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் முதல் பொய்யிலிருந்து சொல்ல வேண்டும்.

வாயை மூடிக்கொண்டாள். அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் அவள் குரல் அநேகமாகக் கேட்கவில்லை; ரஸ் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் தனியாக இருந்தபோது நாயின் முன்னால் நின்று, “நீ நல்ல நாய். யாரையும் ஒண்ணும் பண்ண மாட்ட” என்று உரக்கச் சொல்லிப் பார்த்தாள். மேபல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் மாறவில்லை. அந்தச் சொற்களில் சத்து இல்லை, அது அவளுக்கே கேட்டது. வயிறு எரிந்து சொன்னவைதான் பலித்திருந்தன.

நாக்கைக் கடித்துக்கொண்டே நடமாடினாள். இரவு உணவுக்கு உருளைக்கிழங்கு மசிக்கும்போது, குளிக்கும்போது, பேருந்தில், தொண்டைக்குள் வாக்கியங்கள் உருண்டுகொண்டே இருந்தன. அது தின்கிற தீனி. அது படுக்கிற இடம். அதைத் தடவுகிற கை. ஒவ்வொன்றையும் விழுங்கினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ரஸ் கடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினான். கதவை அறைந்து சாத்தினான்.

“கடைக்காரன் கேக்குறான், ‘உன் நாய் உன் பொண்டாட்டியைக் கடிக்க வந்துச்சாமே’ன்னு. நீ சொன்னியா?”

அவள் தலையை ஆட்டினாள். ஆமென்றா இல்லையென்றா, அவளுக்கே தெரியவில்லை.

“பொலீன் தெரு பூரா சொல்லிட்டா. ஒருத்தன் போலீசுக்கு ஒரு ஃபோன் போட்டா போதும் ஜன். வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. எங்க வச்சிருக்காங்கன்னுகூடச் சொல்ல மாட்டாங்க. மாசக்கணக்குல கூண்டு. யாரும் தொட மாட்டாங்க. அவ தூங்கணும்னா என் கை மேல இருக்கணும், உனக்குத் தெரியுமா? கை இல்லன்னா நடுங்குவா. ராத்திரி முழுக்க நடுங்குவா...”

அவன் பேசிக்கொண்டே போனான். ஐந்து வருடங்களில் அவளிடம் அவன் இவ்வளவு பேசியதே இல்லை. அவன் கண்ணில் நீர் நின்றது. அவள் முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசினான். அத்தனையும் அதைப் பற்றி.

“உனக்கு அவ என்ன பண்ணினா ஜன்? சொல்லு. ஒரு வாயில்லா ஜீவன் மேல உனக்கு என்ன?”

மேபல் கதவருகில் நின்றுகொண்டிருந்தது. அவள் விழுங்கியதையெல்லாம் தின்று வளர்ந்தது போல, அதன் முதுகு இப்போது கதவுப்பிடிக்குக் கொஞ்சம்தான் கீழே இருந்தது. ரஸ் கண்ணுக்கு அது எப்படிப் படவில்லை? அது அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. காத்திருந்தது.

சொல்லாதே. விழுங்கு.

“அது நாயே இல்ல ரஸ்” என்றாள் ஜனீன். “இந்த வீட்டுல பொண்டாட்டி அதுதான். நான்தான் நாய்.”

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாமதமாக. மேபல் மெல்லத் தலையைத் தாழ்த்தி, திருப்தியாக, நடைவழியின் இருட்டுக்குள் போனது.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்குப் போனாள், கடைசி நாள் விருந்துக்குச் சமைத்தாள், பாத்திரம் கழுவினாள். மூன்றரைக்குக் கிளம்பியபோது வானம் கறுத்துவிட்டது. வாசனைகள் அதிகமாக இருந்தன. அதுதான் முதலில் தெரிந்தது. மீன், டீசல், நனைந்த செங்கல், ஒவ்வொரு விளக்குக் கம்பத்தின் அடியிலும் வேறு வேறு ஆட்கள் விட்டுப் போன சேதிகள் போல ஏதோ. சுரமாக இருக்கும் என்று நினைத்தாள்.

எதிரே தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். ஜனீனைப் பார்த்தாள். வண்டியைத் திருப்பிச் சாலையின் மறுபக்கம் போனாள்.

ஜனீன் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

தெரு முனையில் இரண்டு பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் மற்றவனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். நடந்தாள். வேகமாக நடந்தாள். பொலீன் வீட்டு ஜன்னலுக்குள் ஆர்ச்சி தொண்டை கிழியக் குரைத்தது. அவளைப் பார்த்து அது ஒருநாளும் குரைத்ததில்லை. திரைச்சீலை விலகியது. பொலீனின் முகம்.

“பொலீன்” என்றாள்.

திரைச்சீலை மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை.

தன் வீட்டு வாசல். சாவி கையில் நிற்கவில்லை. விரல்கள் விறைத்துப்போயிருந்தன, மடங்கவில்லை. சாவி கீழே விழுந்தது. கதவைத் தட்டினாள். தட்டியது போலக் கேட்கவில்லை. பிறாண்டியது போலக் கேட்டது.

உள்ளே ரஸ்ஸின் குரல். நீளமாக, தாழ்வாக.

பதில் வந்தது. ஒரு பெண்ணின் குரல்.

அவள் காதைக் கதவில் வைத்தாள். அந்தப் பெண் ஏதோ சொன்னாள், சிரித்தாள். ஜனீனின் சிரிப்பு. ரஸ்ஸும் சிரித்தான். நிறுத்தாமல் சிரித்தான்.

காலடி. கதவு திறந்தது.

வெளிச்சத்துக்கு முன்னால் ரஸ் நின்றான். அவன் பார்வை அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தைத் தேடவே இல்லை. நேராகக் கீழே வந்தது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. பதினெட்டரைதான் ரஸ். நான்தான் பொய் சொன்னேன். பதினெட்டரை.

வாயைத் திறந்தாள். தரைப்பலகைகளுக்கு அடியிலிருந்து வருவது போன்ற அந்தச் சத்தம் வந்தது.

ரஸ் ஓடவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. மெதுவாக, மிக மெதுவாகப் பக்கத்து ஆணியிலிருந்து வாய்ப்பூட்டை எடுத்துக்கொண்டு அவள் முன் மண்டியிட்டான். உள்ளே தடவிய பாலாடைக்கட்டி மணத்தது.

“வாடி கண்ணு” என்றான். “ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்ல.”

அந்தக் குரல். சுவருக்குள் ஓடும் வெந்நீர். நான்கு வருடங்கள். அவளுக்கே அவளுக்கு.

அவள் முழு உடம்பும் நடுங்கியது.

நடைவழியின் கோடியில், சமையலறை வெளிச்சத்தில், ஜனீனின் சமையல் மேலங்கியைக் கட்டிக்கொண்டு யாரோ கை துடைத்துக்கொண்டிருந்தார்கள். உயரமான யாரோ. தலை மட்டும் பெரியது. அது இந்தப் பக்கம் திரும்பியது. ஜனீனின் குரலில், அக்கறையாக, சொன்னது:

“பாத்து ரஸ். அது கடிக்கும்.”

ஈறுகளுக்குள் பற்களின் வேர்கள் நகர்ந்தன. நீண்டன. ரஸ்ஸின் கை அவள் முகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. மென்மையாக. இத்தனை வருடம் கேட்டுக் கிடைக்காத அந்த மென்மையோடு. அவள் பற்களை இறுக்கிக் கடித்தாள். வாய் தானாகத் திறந்தது.